தலை பாரமான கிற்றாருக்குப் பெல்ட் போட்டுப் பார்த்தது

என்னுடைய கிற்றாருக்கு உடம்பு சின்னது, கழுத்து முழு நீளம், தலையில் கம்பி இறுக்கும் ஆறு மூடிய வார்ப்புக் கீ. இருந்து வாசிக்கும்போது ஒன்றும் தெரியாது, தொடையும் வலது முழங்கையும் பார்த்துக்கொள்ளும். எழும்பி நின்றால்தான் சோலி. இடது கையைக் கொஞ்சம் தளர்த்தினாலே தலை நிலத்தைப் பார்த்து இறங்கத் தொடங்கும். கோயில் பாடகர் குழுவில் நின்றுதான் வாசிக்க வேண்டும், பாட்டுப் புத்தகத்தின் பக்கம் புரட்ட ஒரு கை வேண்டும், அதைவிடப் பெரிய பிரச்சினை என்னவென்றால் கழுத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும் கை கோர்ட் மாற்றப் பிந்தும். சி-யிலிருந்து எஃப்-க்குப் போகும் இடத்தில் பெருவிரல் முதலில் பாரத்தை விட வேண்டும், பிறகுதான் மற்ற விரல்கள் நகரும். தாளம் அங்கேதான் தடுமாறும்.

கடையில் கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான், அகலமான பெல்ட் போடுங்கள் என்று. அகலம் தோள் நோவுக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் தலை இறங்குவதற்கும் அகலத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. பெல்ட் தோளில் வழுக்குமா வழுக்காதா என்பது ஒன்று, அதன் முன் நுனி கிற்றாரில் எந்த இடத்தில் மாட்டப்பட்டிருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் முக்கியம் என்று நான் இப்போது நினைக்கிறேன், அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

காசு செலவழிக்க முன்னம் பாரத்தின் நடு எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். கூரை வளையில் ஒரு கயிறு கட்டி, அதில் ஒரு சுருக்கு விட்டு, கீழே மெத்தை போட்டு, கிற்றாரை அந்தச் சுருக்கில் மாட்டி முன்னும் பின்னும் நகர்த்தினால் ஓரிடத்தில் சமமாக நிற்கும். எனக்கு அது கழுத்தும் உடம்பும் சேரும் இடத்திலிருந்து உடம்புப் பக்கமாக 7 சென்ரிமீற்றரில் நின்றது. உடம்பின் நீளம் 46. அதாவது அடியில் பெல்ட் மாட்டும் பின்னிலிருந்து 39, கழுத்து உடம்போடு சேரும் குதியிலிருந்து வெறும் 7. பெல்ட்டைக் குதியிலும் அடிப் பின்னிலும் மாட்டினால், பாரம் முழுவதும் முன் நுனிக்குப் பக்கத்தில்தான் தொங்கும். வழுக்கும் பெல்ட் என்றால் தோள் வெறும் கிணற்றுக் கப்பிதான், பாரமான பக்கம் கீழே போக மற்றப் பக்கம் மேலே ஏறும். இது என் கை பலவீனத்தாலோ நிற்கும் முறையாலோ வந்தது இல்லை என்று தெரிந்ததே ஒரு நிம்மதி.

அதே கயிற்றில் இன்னொன்றும் பார்த்தேன். வழமையாகத் தலையில் சுருதி பார்க்கும் கிளிப் ரியூனரும், பாவிக்காத நேரம் கப்போவும் (கழுத்தில் கம்பிகளை அழுத்திச் சுருதி ஏற்றும் கவ்வி) கவ்விக்கொண்டிருக்கும். இரண்டும் சேர்த்து மீன் நிறுக்கும் தராசில் 100 கிராமுக்குக் கிட்ட வந்தது, கிற்றார் 1.7 கிலோ. அவற்றை மாட்டிவிட்டு மறுபடி தொங்கவிட்டால் அந்த 7 சென்ரிமீற்றர் 4 ஆகிவிடுகிறது. தலை அவ்வளவு தூரத்தில் இருப்பதால் 100 கிராம் கூட அங்கே பெரிய ஆள். கப்போ இப்போது சட்டைப் பைக்குள், ரியூனர் சுருதி சேர்த்த கையோடு கழன்றுவிடும். இது ஒரு சதமும் செலவில்லாத திருத்தம், தலை பாரமான கிற்றார் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே செய்யலாம்.

சரி, பெல்ட்டுக்கு வருவோம். கிற்றாரோடு சும்மா தந்த நைலோன் பெல்ட் கார் சீற் பெல்ட் போல மினுங்கும், அதைப் பற்றிக் கதைக்க ஒன்றுமில்லை, வழுக்கும். தடித்த பருத்தி நாடாவில் செய்தது பரவாயில்லை, பருத்திச் சட்டைமேல் நன்றாகப் பிடித்தது. ஆனால் இளைஞர் ஒன்றுகூடலுக்கு விளையாட்டு ஜேர்சியோடு போனபோது அதே பெல்ட் ஓடியது. பெல்ட்டை மட்டும் பார்த்தால் போதாது, அன்றைக்கு என்ன சட்டை என்பதும் சேர்ந்துதான் பிடி. கடைசியில் நின்றது தோல் பெல்ட். அதிலும் உட்புறம் அழுத்தித் தேய்த்து மினுக்கியதை விட்டுவிட்டுச் சொரசொரப்பாக விட்டதைத் தேட வேண்டும். என்னிடம் இருந்த பருத்தி பெல்ட்டை எறிய மனமில்லை, கிளிநொச்சிச் சந்தைப் பக்கம் செருப்புத் தைக்கும் ஐயாவிடம் கொடுத்து, தோளில் படும் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் தோல் துண்டின் சொரசொரப்புப் பக்கம் வெளியே தெரியும்படி தைத்து வாங்கினேன். ஐயா ஊசியைக் கையில் எடுக்க முன்னமே தோலை என் தோளில் வைத்து இழுத்துப் பார்த்தார், இரண்டு பக்கமும் மாறி மாறி. கடையில் எனக்கு யாரும் அப்படிப் பார்த்துத் தரவில்லை.

இதோடு தலை பாதி நின்றது. கையை விட்டால் உடனே விழாது, ஆனால் ஒரு பாட்டு முடிவதற்குள் மெல்ல மெல்ல இறங்கிவிடும். உராய்வு தடுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான், பாரத்தின் இடத்தை அது மாற்றாது.

முல்லைத்தீவில் கடற்தொழில் செய்யும் மச்சான் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப பின்னால பாரத்தைக் கட்டன்" என்றான். வலைக்குப் போடும் ஈயம் அவனிடம் கிடக்கிறது. கணக்குப் போட்டால் கால் கிலோ ஈயத்தை அடிப் பின்னில் தொங்கவிட்டால் நடுப் பாரம் 5 சென்ரிமீற்றர் பின்னால் போக வேண்டும். துணியில் பொதிந்து கட்டிப் பார்த்தோம், கயிற்றிலும் அப்படியே வந்தது. நின்று வாசித்தால் தலை நின்றது, உண்மைதான். ஆனால் இலேசான கிற்றார் என்று வாங்கியதில் கால் கிலோவை ஏற்றிவிட்டு ஒரு பூசை முழுக்க நிற்கத் தோள் ஒத்துக்கொள்ளவில்லை, பொதி வேறு ஆடி ஆடி அடிப்பலகையில் தட்டியது, ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். மச்சானுக்கு அவனுடைய ஈயம் திரும்பிப் போனது.

அடுத்தது பழைய முறை, முன் நுனியைத் தலையில் கட்டுவது. இதைப் பலர் அசிங்கம் என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு இப்போது அப்படி இல்லை. பாடசாலைச் சப்பாத்துக்குப் போடும் தட்டை வெள்ளை லேஸ் ஒன்று போதும். கழுத்து நுனியில் கம்பிகள் தங்கும் நட் என்ற கட்டைக்கும் முதல் கீகளுக்கும் இடையில் உள்ள இடைவெளியில், ஆறு கம்பிகளுக்கும் கீழால் லேஸைப் புகுத்தி, தலையின் பின்புறம் கொண்டுவந்து, பெல்ட்டின் ஓட்டைக்குள்ளால் விட்டு முடிய வேண்டும். முடிச்சு தலையின் பின்னால் விழ வேண்டும், பக்கத்தில் விழுந்தால் கீ திருப்பும்போது விரலில் தட்டும். லேஸ் கம்பியை மேலே நெம்பக் கூடாது, நெம்பினால் சுருதி ஏறும். தட்டை லேஸ் மரத்தோடு படிந்து கிடக்கும், உருண்டை லேஸ் கம்பியில் முட்டும், அதுதான் தட்டை என்று சொன்னேன். றப்பர் அல்லது மெழுகுத்தாள் போன்ற பிளாஸ்ரிக் பெல்ட் என்றால் தலையில் நேரே பட விடாதீர்கள். பழைய நைற்றோசெலுலோஸ் பூச்சு உள்ள கிற்றார்களில் அது பூச்சோடு ஒட்டிக் கறையாக்கும்.

கணக்கைப் பாருங்கள். குதியிலிருந்து நட் வரை 36 சென்ரிமீற்றர், லேஸ் அதற்கு இன்னும் 2 தள்ளி. பாரத்தின் நடுவிலிருந்து இப்போது முன் கட்டு 45 தூரத்தில், பின் கட்டு 39 தூரத்தில். கிட்டத்தட்ட நடுவில், கொஞ்சம் பின்னால். அதனால் தலை இறங்காதது மட்டும் இல்லை, இரண்டு கையையும் எடுத்தாலும் சற்றே நிமிர்ந்து நிற்கிறது. அந்த வழுக்கல் நைலோன் பெல்ட்டோடும் நின்றது! இவ்வளவு நாளும் தோளில் எதைப் போடுவது என்று யோசித்த பிரச்சினைக்கு ஒரு சப்பாத்து லேஸ்.

குறை இல்லாமல் இல்லை. முதல் இரண்டு பிரெட்டில் (கழுத்தின் குறுக்குக் கட்டங்களில்) கை இருக்கும்போது மணிக்கட்டுக்கு மேலால் பெல்ட் உரசும், எஃப் பிடிக்கையில் நன்றாகத் தெரியும். கிற்றாரைக் கழற்றிப் போடுவதும் கொஞ்சம் வில்லங்கம், தலைக்கு மேலால் சுற்றி எடுக்க வேண்டும், நெருக்கி நிற்கும் பாடகர் குழுவில் பக்கத்தில் நிற்பவரின் முகத்தைக் கவனிக்க வேண்டும்.

அதனால் குதியிலும் பெல்ட் மாட்ட ஒரு பட்டன் போட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன். துளை போடுவதென்றால் எனக்குப் பயம், பரந்தனில் தச்சு வேலை செய்யும் அண்ணையிடம் கொண்டுபோனேன். முதிரை, பாலை போன்ற வைர மரங்களில் நிலை செதுக்கிப் பழகிய கை. கிற்றாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முதல் கேள்வி, "தம்பி, இதுக்குள்ள இரும்பு கிடக்கோ?"

கேட்க வேண்டிய கேள்விதான். கழுத்துக்குள் வளைவு திருத்தும் இரும்புக் கம்பி ஒன்று ஓடுகிறது, ஆனால் அது விரல்பலகைக்கு அடியில், மேலே. குதியின் கீழ்ப் பகுதியில் அது இல்லை. கவனிக்க வேண்டியது மற்றது. சில கிற்றாரில் கழுத்தை உடம்போடு போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள், அந்தப் போல்ட்டின் மறை குதிக்குள் இருக்கும். நடு ஓட்டைக்குள் போனை விட்டு மேல் பக்கமாகப் படம் எடுத்தால் உள்ளே கட்டையில் போல்ட் தலை தெரியும். என்னுடையதில் எதுவும் இல்லை, பசை போட்டு ஒட்டியது. போல்ட் இருந்தால் அதன் உயரத்தைக் கணித்து விலகித் துளைக்க வேண்டும்.

எந்தப் பக்கத்தில் என்பது அடுத்தது. குதியின் பின்புறத்தில் நேரே போட்டால் வேலை சுலபம், ஆனால் கிற்றாரின் மேல் விளிம்பு உங்களை விட்டு முன்னால் சாயும், முகம் நிலத்தைப் பார்க்கும். வாசிக்கும்போது நிலத்தைப் பார்க்கும் பக்கத்தில், மெல்லிய கம்பிகளின் பக்கத்தில் போட்டால் பெல்ட் குதியைச் சுற்றிப் பின்னால் போகும், கிற்றாரை உடம்போடு அணைத்துப் பிடிக்கும். உடம்பில் வெட்டு உள்ள கிற்றார் என்றால் மேல் பிரெட்டுகளுக்குப் போகும் கையில் அந்தப் பட்டன் தட்டும். என்னுடையது வெட்டில்லாதது, அந்தக் கவலை இல்லை.

அண்ணை 3 மில்லிமீற்றர் அலகில் எவ்வளவு ஆழம் என்று ரேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டார். "நல்லாப் பிடியும், ஆடக் கூடாது" என்றார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வெளியே வந்த தூள் செம்மண் நிறத்தில், மாவாக இருந்தது. "பூ மரம்" என்று அலட்சியமாய்ச் சொன்னார், பாலையில் அலகு முறித்தவருக்கு மகோகனி வகை மரங்கள் அப்படித்தான் இருக்கும் போல. ஆணியின் மறையில் மெழுகுதிரித் துண்டைத் தேய்த்துவிட்டுத்தான் முறுக்கினார், மெழுகு இல்லாமல் முறுக்கினால் மரம் வெடிக்கலாம், ஆணித் தலையும் கழரலாம். பட்டனுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு சின்னக் கம்பளித் துண்டு. காசு வாங்கவில்லை, ஒரு பாட்டு வாசித்துக் காட்டச் சொன்னார்.

முடிவு நான் எதிர்பார்த்ததுதான். குதிப் பட்டன், தோல் தைத்த பெல்ட், தலையில் ஒன்றும் இல்லை என்றால், வலது முன்கை உடம்பின்மேல் கிடக்கும்வரை கிற்றார் நிற்கிறது. கையை எடுத்தால் மெல்ல இறங்கும். விரலால் மீட்டும் பாட்டுகளுக்கு இது போதும், இடது கைக்குத் தடையே இல்லை. நீண்ட நேரம் நின்று வெறும் கோர்ட் அடிக்க வேண்டிய இடத்தில் லேஸ்தான். ஆவணி மடுத் திருவிழாவுக்குப் போனபோது இரண்டையும் பார்த்தேன், கூடாரத்தடியில் இரவுப் பாட்டுக்குக் குதி, நெருக்கத்தில் நின்று வாசித்த நேரத்துக்குத் தலை. ஒன்றை மட்டும் வைத்திரு என்றால் நான் லேஸைத்தான் வைத்திருப்பேன்.

இன்னொரு விசயம், அடிப் பின். மரத்துளையில் ஆணி இல்லாமல் சும்மா செருகிய கூம்புப் பின் என்றால், சோழகம் அடித்து மரம் காயும் மாதங்களில் தளரும். பெல்ட்டோடு அது கழன்றால் மேலே சொன்னது எதுவும் உதவாது. பின்னைச் சுற்றி மெல்லிய கடதாசி ஒரு சுற்றுச் சுற்றித் திருகிச் செருகினால் பிடிக்கும், சுத்தியலால் மட்டும் அடிக்காதீர்கள், கூம்பு உள்ளே போகப் போக அடிக்கட்டையைப் பிளக்கும். பெல்ட்டின் ஓட்டை பின்னில் இருந்து கழராமல் இருக்கச் சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டு வெட்டி, நடுவில் சின்ன ஓட்டை போட்டு, பெல்ட்டுக்கு மேலால் இழுத்து மாட்டியிருக்கிறேன். மழை, வெயில், வியர்வை எதற்கும் அசையவில்லை.

இனிச் செய்ய இருப்பது கீகளை மாற்றுவது. மூடிய வார்ப்புக் கீகளை விடப் பின்னால் திறந்த பழைய பாணிக் கீகள் இலேசு. ஆனால் இதன் தலையில் உள்ள துளைகள் 10 மில்லிமீற்றர், பழைய பாணிக்கு அதைவிடச் சின்னத் துளை வேண்டும், நடுவில் போடும் மாற்று வளையம் சேர்த்து வாங்க வேண்டும். கொழும்பிலிருந்து வரும் ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் மறுபடி வளையில் கயிற்றைக் கட்டி, அந்த 7 எத்தனையாகிறது என்று அளந்து எழுதுகிறேன்.