கூட்டு ஆளுகை வினாவுக்குக் காவிரி டெல்டாவை வைத்து விடை எழுதுவது

"வளரும் நாடுகளின் நிலைத்த வளர்ச்சிக்குக் கூட்டு ஆளுகை எவ்வாறு உதவும்?" என்று தேர்வில் 15 மதிப்பெண்ணுக்குக் கேட்டால் (கூட்டு ஆளுகை என்பது அரசும் மக்களும் சேர்ந்து முடிவெடுத்து நடத்துவது), 'மக்கள் பங்கேற்பு இன்றியமையாதது' என்பதையே பலர் 250 சொற்களுக்கு இழுக்கிறார்கள். யார் முடிவெடுக்கிறார், பணம் யார் கையில், தவறினால் யாரைக் கேட்பது ஆகிய மூன்றும் இல்லாத விடை தேறாது.

மேட்டூரிலிருந்து கடைமடைவரை தண்ணீர் இறங்கும் வழியையே விடையின் வரிசையாக வையுங்கள். மாநிலங்களுக்கு இடையிலான பகுதிக்கு இரண்டு வரி போதும். உச்ச நீதிமன்றத்தின் 2018 பிப்ரவரி 16 காவிரித் தீர்ப்பின்படி தமிழகத்துக்கு 404.25 டிஎம்சி, அதில் மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் வந்து சேர வேண்டியது 177.25. காவிரி நடுவர் மன்றத்தின் 2007 எண்களான 419, 192 இன்னும் விடைத்தாள்களில் வருகின்றன. வேண்டாம். அதே 2018இல் அமைந்த காவிரி மேலாண்மை ஆணையத்தைக் குறிப்பிட்டுவிட்டுக் கீழே இறங்குங்கள்.

சரக்கு இருப்பது வாய்க்கால் மட்டத்தில். அரசமைப்பின் 73ஆவது திருத்தம் தந்த, ஊராட்சிகளுக்கான பொருள்களைச் சொல்லும் 11ஆம் அட்டவணையில் நீர் மேலாண்மை 3ஆவது பொருளிலேயே இருக்கிறது. பாசன மேலாண்மையில் விவசாயிகளுக்கு இடம்தர 2000ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டமும் உண்டு. ஆனாலும் ஆறு நீர்வளத்துறையிடம், வயலுக்கு நீர் கொண்டுபோகும் சிறு வாய்க்கால்களான சி, டி வாய்க்கால் தூர்வாரப் பல இடங்களில் வேளாண் பொறியியல் துறை, ஊர்க்குளம் ஊராட்சியிடம். ஜூன் 12 மேட்டூர் திறப்புக்குள் எல்லாரும் வேலையை முடித்தாக வேண்டும். ஆற்றைத் தூர்வாரி வாய்க்காலை விட்டால் தலைமடை நிறையும், கடைமடைக் குறுவை காயும். வடிகாலில் வெங்காயத்தாமரை அடைத்துக் கிடந்தால் ஐப்பசி மழையில் அதே வயலில் சம்பா மூழ்கும். பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தார்கள், நிதியையும் கால அட்டவணையையும் ஒன்றாக்கவில்லை என்று இங்கே எழுதுங்கள். விடையின் உயிர் அதுதான்.

விவசாயிகளையும் சேர்த்து நீர்நிலைகளைச் சீரமைத்த குடிமராமத்துத் திட்டத்தைப் புகழ்வதோடு நிறுத்தாதீர்கள். அதில் விவசாயிகள் பங்கு 10 சதவீதமாக இருந்தது. பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர முடிந்தது. விவசாயிகள் சங்கத்தின் பெயரில் ஒப்பந்ததாரர் வேலை பார்த்தால் அந்தப் பங்கு ஏட்டில்தான் நிற்கும்.

'வளரும் நாடுகள்' என்பதற்கு நேபாளத்தில் விவசாயிகளே நடத்தும் பாசனம், பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரேயில் 1989இல் தொடங்கிய பங்கேற்பு வரவுசெலவு (நகரின் செலவை மக்களும் சேர்ந்து முடிவுசெய்வது), ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. எலினார் ஆஸ்ட்ராம் (2009 பொருளியல் நோபல்) பொது வளங்களை நடத்துவது பற்றிச் சொன்னவற்றில் இரண்டு போதும்: பயன்படுத்துவோரே விதி வகுப்பது, மீறலுக்குப் படிப்படியாகத் தண்டனை.

தீர்வைத் தேதியோடு எழுதுங்கள். மார்ச் 22 கிராம சபையில் தூர்வாரும் பட்டியலும் மதிப்பீடும் படிக்கப்பட வேண்டும். கடைமடை விவசாயி ஒப்பமிட்ட பிறகே வேலைக்கான பணத்தின் கடைசித் தவணை. உள்ளூர் மக்கள் பங்கேற்பைக் கேட்கும், ஐ.நா.வின் தண்ணீருக்கான நிலைத்த வளர்ச்சி இலக்கு 6இன் 'பி' பிரிவை இங்கே சேர்க்கலாம். இடமிருந்தால் மேட்டூர், கல்லணை, வெண்ணாறு, வாய்க்கால், வடிகால் என ஒரு கோட்டுப்படம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பொறுப்பான துறை. வண்ணம் தீட்ட உட்காராதீர்கள்.