இரும்பு மாத்திரைக்கு அசையாத சோகை

ரத்த ஆராய்ச்சி என்றால் நாள் முழுக்க நுண்ணோக்கியும் கையுமாக இருப்பேன் என்றுதான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பலரும் நினைக்கிறார்கள். நுண்ணோக்கி உண்டுதான். ஆனால் என் காலத்தில் பெரும்பகுதி ஒரே கேள்வியில் போகிறது: இந்த அம்மாவுக்கு இரும்புச்சத்து குறைவா, இல்லை ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத தலசீமியா என்ற பரம்பரைக் குறையின் மரபணு பிறவியிலேயே இருக்கிறதா?

இரண்டிலும் சிவப்பணு சிறுத்து வெளிறித்தான் தெரியும். ரப்பர் தோட்டத்தில் வெறுங்காலோடு பால்மரம் வெட்டப் போன தலைமுறைக்குக் கொக்கிப்புழு பழகிய எதிரி, பாதத்தோல் வழியே ஏறிக் குடலைக் கவ்வி ரத்தத்தைக் குடிக்கும், அதனால் சோகை என்றாலே புழு மருந்தும் இரும்பு மாத்திரையும் என்று ஆகிவிட்டது. பலருக்கு அதுவே சரியான வைத்தியம். ஆனால் தலசீமியா மரபணுவைச் சுமப்பவர் வருஷக்கணக்கில் மாத்திரை விழுங்கினாலும் சிவப்பணு பெரிதாகாது.

ரிப்போர்ட் வந்ததும் எம்சிவியை, அதாவது சிவப்பணுவின் சராசரி அளவை, ஆர்பிசியால், அதாவது மைக்ரோலிட்டருக்கு எத்தனை மில்லியன் சிவப்பணு என்ற எண்ணிக்கையால், வகுத்துப் பார்ப்பேன். 1973இல் மென்ட்சர் என்ற மருத்துவர் சொன்ன கணக்கு. எம்சிவி 62, ஆர்பிசி 5.8 என்றால் 10.7 வரும், 13க்குக் கீழே இருப்பதால் தலசீமியாவைத் தேட வேண்டும். இரும்புக் குறைவில் சிவப்பணு எண்ணிக்கையும் சேர்ந்து விழும் என்பதால் விடை பெரும்பாலும் 13ஐத் தாண்டும். இது சந்தேகம் மட்டுமே. அப்புறம் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், ஹீமோகுளோபினில் சிறு பங்காக இருக்கும் ஏ2 என்ற வகை, இரண்டையும் பார்ப்போம். தலசீமியாவில் பீட்டா, ஆல்ஃபா என்று இரண்டு முக்கிய வகை. பீட்டா வகையைச் சுமப்பவருக்கு ஏ2 வழக்கமாக 3.5 சதவீதத்தைத் தாண்டும், கூடவே இரும்பும் குறைந்திருந்தால் அது இறங்கி நம்மை ஏமாற்றும். ஆல்ஃபா வகை ஏ2வில் பிடிபடாது, டிஎன்ஏ பார்த்தால்தான் உறுதி.

இதெல்லாம் எளிது. முடிவைச் சொல்வதுதான் கடினம். தோட்டத்து அக்கா ஒருவர், மகளுக்கு வந்த முடிவை நான் சொல்லி முடிக்கும் முன்பே, "மகளுக்கு அத்தை மகனையே பேசி வச்சிருக்கோம் டாக்டர், வெளிய தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும்" என்றார். இது தொற்றாது, சுமப்பவர் நன்றாகவே வாழலாம், இரண்டு பேருமே சுமந்தால்தான் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீதம் குழந்தைக்குக் கடுமையான நோய் வரலாம் என்று காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினேன். சொந்தத்தில் முடிப்பதால் ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து இரு பக்கமும் இறங்கியிருக்கலாம், ஆகவே பையனுக்கும் பார்த்தே ஆக வேண்டும். அக்கா கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துவிட்டு மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

ரத்தம் கொடுத்தவருக்கு முடிவு போய்ச் சேராத ஆய்வை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால் ஒவ்வொருவருக்கும் தமிழில் ஒரு பக்கம் எழுதித் தருகிறோம், என்ன கண்டோம், வீட்டில் வேறு யார் பரிசோதிக்க வேண்டும், இரும்பு மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்று.