பால்வெட்டும் கத்தாரும்

ஜனவரி 11
குலசேகரத்தில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். சாப்பாடு முடிவதற்குள் பேச்சு தம்பி பக்கம் திரும்பிவிட்டது. சென்னையில் ஐடி வேலையை விட்டுவிட்டு வந்து ரப்பர் பால் வெட்டுகிறான். "படிச்ச பய செய்யுத வேலையாடே இது? வாழ்க்கையைத் தொலச்சுட்டியே" என்றார் மாமா. அவன் பேசாமல் இன்னும் கொஞ்சம் மீன்குழம்பு ஊற்றிக்கொண்டான்.

மாமாவின் பயத்தில் நியாயம் உண்டு. ஆனி ஆடி மழையில் வெட்டு அடிக்கடி நின்றுபோகும், ரப்பர் விலையும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பயத்தைச் சொல்லட்டும். ஆனால் அவனுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று யாருமே கேட்கவில்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

ஜனவரி 12
ராத்திரி அங்கேயே தங்கி, விடியும் முன்னால் அவன்கூடத் தோட்டத்துக்குப் போனேன். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே வெட்டுகிறார்கள். முந்தின வெட்டில் உறைந்திருந்த ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டான். பிறகு கத்தியை இழுத்தான். பட்டை மெல்லிய சுருளாக வந்தது. ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வளராது. ஆழம் குறைந்தால் பால் வராது. சரிந்த வெட்டு வழியே பால் இறங்கிச் சிரட்டையில் சொட்டத் தொடங்கியதும் அடுத்த மரத்துக்குப் போய்விட்டான். என்ன ஒரு கைப்பக்குவம்!

பாலை எடுத்து, ஆசிட் கலந்து, தட்டுகளில் உறைய ஊற்றியாச்சு. "இனி மிச்ச நாள் எனக்குத்தான் அக்கா" என்றான். சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறான்.

ஜனவரி 15
பொங்கலுக்கு அண்ணன் கத்தாரிலிருந்து வீடியோ காலில் வந்தான். போனை வைத்ததும் தம்பி, "காசு காசுன்னு ஓடியே இவன் வாழ்க்கை போயிட்டு" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாமா உன்னைச் சொன்னதும் இதே பேச்சுதானே என்று கேட்டேன்.

அண்ணன் அங்கே கிரேன் ஓட்டுகிறான். தான் நின்று கட்டிய கட்டடங்களின் படங்களைப் போனில் சேர்த்து வைத்து, ஊருக்கு வரும்போதெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டுவான். தங்கைகள் இரண்டு பேரையும் கட்டிக்கொடுத்தது அவன் சம்பாத்தியம். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் வரும் நிறைவை நான் பார்த்திருக்கிறேன். அது குறைந்த வாழ்க்கை என்று சொல்ல நாம் யார்?

பிப்ரவரி 8
தம்பி கூப்பிட்டான். ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கின்றன, வெட்டை நிறுத்தியாச்சாம். நேற்று ராத்திரி அண்ணனைக் கூப்பிட்டுக் கிரேன் வேலையைப் பற்றி வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தானாம்.

மாமா அடுத்த வாரம் இங்கே வருகிறார். மறுபடியும் வெட்டு தொடங்கும்போது ஒருநாள் விடியக்காலை அவன்கூடத் தோட்டத்துக்குப் போய் வாருங்கள், அப்புறம் பேசுவோம் என்று சொல்லப்போகிறேன்.