இரண்டு திருகைகள்: கலேவலாவோடும் எத்தாவோடும் பதினான்கு மாதங்கள்

நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியை எழுதி வைத்திருந்தேன்: சம்போ என்பது என்ன?

பின்லாந்தின் காவியமான கலேவலாவைப் படிப்பவர்கள் இந்தக் கேள்வியில் வந்து முட்டாமல் போவதில்லை. வடக்கு நாடான போயொலாவின் தலைவி லோவ்ஹிக்காகக் கொல்லன் இல்மரினன் சம்போவைச் செய்கிறான். அன்னத்தின் இறகு நுனி, மலட்டுப் பசுவின் பால், ஒரு பார்லி மணி, ஆட்டின் ரோமம் ஆகியவைதான் அதன் மூலப்பொருள்கள். செய்து முடித்ததும் அது ஒரு பக்கம் மாவு அரைக்கிறது, மறுபக்கம் உப்பு, மூன்றாம் பக்கம் காசு. அதற்குப் பல வண்ண மூடி ஒன்று உண்டு. லோவ்ஹி அதைச் செம்பு மலைக்குள் ஒன்பது பூட்டுகள் போட்டு வைக்கிறாள். அதன் வேர் ஒன்பது ஆள் ஆழம் இறங்குகிறது. அரைக்கும் பொருளுக்கு வேர் எதற்கு? பாட்டு அதற்கு விடை சொல்வதில்லை.

முதல் மூன்று மாதங்கள் அறிஞர்கள் சொன்ன விளக்கங்களைத் திரட்டுவதிலேயே போயின. வானத்தைத் தாங்கும் தூண் என்றார்கள் சிலர். அப்படியானால் அந்த வண்ண மூடி விண்மீன்கள் நிறைந்த வானம். உலக மரம் என்றார்கள் வேறு சிலர். கடல் கடந்து கவர்ந்து வந்த புதையலின் நினைவு என்பதும் ஒரு கருத்து. எ. நெ. செடெலா என்ற மொழியியலாளர் சம்போவின் புதிரைப் பற்றி மட்டுமே 1932-இல் ஒரு முழு நூல் எழுதினார். நான் கட்டம் போட்டு எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினேன். கட்டங்கள் நிரம்பின, பாட்டு மட்டும் என்னிடமிருந்து விலகிப் போய்க்கொண்டே இருந்தது.

இன்னொரு தவறான எண்ணமும் அப்போது இருந்தது. பின்லாந்துத் தொன்மங்கள் வைக்கிங்குகளின் தொன்மங்களில் ஒரு கிளை என்றே நினைத்திருந்தேன். இரண்டும் வேறு. மொழியே வேறு குடும்பம்: நோர்ஸ் ஜெர்மானிய மொழி, பின்னிஷ் ஊராலிய மொழி. பாட்டுகள் நமக்குக் கிடைத்த வழியும் வேறு. ஓதின், தோர் முதலிய நோர்ஸ் தேவர்களைப் பாடும் எத்தாப் பாடல்களின் முதன்மைச் சுவடி 1270-களில் ஐஸ்லாந்தில் தோலில் எழுதப்பட்டது. அது 1643-இல் ஓர் ஆயரின் கைக்கு வந்து, பிறகு டென்மார்க் அரசருக்குப் பரிசாகப் போய், 1971-இல்தான் கப்பலில் வீடு திரும்பியது. சுவடியின் நடுவே எட்டு ஏடுகள் காணாமலே போய்விட்டன. கலேவலாவின் பாட்டுகளோ 19-ஆம் நூற்றாண்டிலும் வாயில்தான் வாழ்ந்துகொண்டிருந்தன. எலியாஸ் லொன்ரோத் என்ற மருத்துவர் பின்லாந்தின் கிழக்கு எல்லையை ஒட்டிய கரேலியக் காடுகளில் நடந்து திரிந்து, மீனவர்களும் உழவர்களும் பாடக் கேட்டு எழுதினார். 1835-இல் முதல் பதிப்பையும், 1849-இல் 22,795 வரிகள் கொண்ட பெரிய பதிப்பையும் தொகுத்தார்.

ஆனாலும் இரு மக்களும் நெடுங்காலம் அண்டை வீட்டார். அரசனைக் குறிக்கும் ‘குனிங்கஸ்’ என்ற பின்னிஷ் சொல், ஜெர்மானிய மொழிகள் எல்லாம் தேய்த்துக் குறுக்கிவிட்ட பழைய வடிவத்தை அப்படியே வைத்திருக்கிறது. கடன் வாங்கியவர் வீட்டில் பொருள் பத்திரமாக இருந்திருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது.

நான்காம் மாதத்தில் கட்டங்களை நிறுத்திவிட்டு உரக்கப் படிக்கத் தொடங்கினேன். இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.

தமிழில் படிக்க நமக்கு ஒரு கொடை இருக்கிறது. இலங்கைத் தமிழரான உதயணன், அதாவது ஆர். சிவலிங்கம், பின்லாந்தில் வாழ்ந்தபடி கலேவலா முழுவதையும் பின்னிஷிலிருந்து செய்யுளாகவே மொழிபெயர்த்து 1994-இல் வெளியிட்டார். ஐம்பது பாடல்களையும் ஒருவர் தனியாளாகத் தமிழுக்குக் கொண்டுவந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எழுந்து நிற்கத் தோன்றுகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, மூல வரிகளை ஒலிப்பதிவுகளில் கேட்டுக் கேட்டுச் சொல்லிப் பழகினேன். ‘வகா வன்ஹா வைனாமோய்னென்’ என்று முதிய பாடகன் வைனாமோய்னன் ஒவ்வொரு முறை நுழையும்போதும் வரி அதிர்கிறது. எட்டு அசைகள், இரண்டிரண்டாக நான்கு சீர்கள், மோனை.

நான்கு சீர், ஈரசை, மோனை என்றவுடன் நமக்கு வேறு என்ன நினைவுக்கு வரும்? ஆசிரியப்பாவின் நாற்சீர் அடிதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நமது நிரையசையில் இரண்டு எழுத்துகள் ஒலிக்கும். பின்னிஷ் வரியிலோ ஒலிகளின் எண்ணிக்கை பெரும்பாலும் எட்டுதான். ஆகவே நேரசை மட்டும் வைத்து, எல்லாச் சீரும் தேமாவாக எழுதினால் அந்த நடை தமிழில் வருமா என்று முயன்று பார்த்தேன். எடுத்துக்கொண்டது இரும்பின் பிறப்பைச் சொல்லும் ஒன்பதாம் பாடல். இரண்டு வாரங்களில் தேறியவை ஐந்து வரிகள்:

வானின் மீதில் வாழ்ந்தார் மூவர்
மார்பில் பாலோ மண்டக் கண்டார்
கார்ப்பால் ஊற்றிக் காத்தாள் மூத்தோள்
வெண்பால் பெய்தாள் வேறோர் மங்கை
செம்பால் சிந்திச் சென்றாள் மற்றோள்

கரிய பால் விழுந்த இடத்தில் மெல்லிரும்பு, வெண்பால் விழுந்த இடத்தில் எஃகு, செம்பால் விழுந்த இடத்தில் எளிதில் நொறுங்கும் இரும்பு. உலோகத்தின் வகைகளைத் தாய்ப்பாலின் நிறங்களாகப் பார்த்த மனத்தை நினைத்து வியந்துகொண்டே இருக்கிறேன். ஆனால் இந்த வரிகளை எழுதிய பிறகுதான் அதைவிட முக்கியமான ஒன்று கண்ணில் பட்டது. இந்தப் பாட்டு எங்கே வருகிறது? படகு செதுக்கும்போது கோடரி பாய்ந்து வைனாமோய்னனின் முழங்காலில் குருதி கொட்டுகிறது. குருதியை நிறுத்தத் தெரிந்த கிழவர் ஒருவர் இருக்கிறார். ஆனால் இரும்பு எப்படிப் பிறந்தது என்பதை அவர் மறந்துவிட்டார். அது தெரியாமல் மந்திரம் பலிக்காது. காயம்பட்டவனே இரும்பின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கதை இதுதான். இரும்பு யாரையும் வெட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தது. அதைப் பதப்படுத்தத் தேன் கொண்டுவரும்படி இல்மரினன் தேனீயை அனுப்பினான். கூரையோரம் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த குளவி முந்திக்கொண்டு நஞ்சைக் கொண்டுவந்து போட்டது. கொல்லன் அதைத் தேன் என்று நம்பினான். இரும்பு வெறிகொண்டு, சத்தியத்தை மீறி, உடன்பிறந்தோரையே கடித்தது.

இது உண்மையில் காயத்தின் முன் பாடப்பட்ட பாட்டு. கரேலிய மக்கள் குருதியை நிறுத்த இத்தகைய பிறப்புச் சொற்களை ஓதினார்கள். ‘நீ பாலாக இருந்தவன், உன் பிறப்பு எனக்குத் தெரியும்’ என்று இரும்பிடம் சொல்வதுதான் அதன் பொருள். குறியீடு தேடிக் கட்டம் போட்டபோது எனக்கு ஒருபோதும் இது கிடைத்திருக்காது. அன்று நோட்டில் கேள்வியை மாற்றி எழுதினேன்: இந்தப் பாட்டைப் பாடியவர் கையில் என்ன இருந்தது?

அதே கேள்வியோடு சம்போவுக்குத் திரும்பினேன். விதைப்பின்போது முதலில் விதைப்புச் சொற்களைப் பாடி, பிறகு சம்போவைச் செய்ததையும் கவர்ந்ததையும் பாடுவோம் என்று கரேலியப் பாடகர்கள் சொன்ன குறிப்பு இருக்கிறது. அப்போது அவர்கள் கையில் இருந்தது விதை. உடனே கதையின் முடிவு வேறு மாதிரி ஒலித்தது. வைனாமோய்னனும் தோழர்களும் சம்போவைக் கவர்ந்து வரும் படகை லோவ்ஹி பெரும் பறவையாகி விரட்டுகிறாள். சம்போ கடலில் விழுந்து உடைகிறது. அவளுக்குக் கிடைப்பது மூடி மட்டும். கரை ஒதுங்கிய துண்டுகளைப் பார்த்து வைனாமோய்னன் அழவில்லை, மகிழ்கிறான். உழவும் விதைப்பும் செழிப்பும் இதிலிருந்துதான் என்கிறான். முழுதாகப் பூட்டி வைத்திருந்தவளுக்கு அது ஒருத்தியின் செல்வம். உடைந்து கரையில் சிதறியதும் விதையாகிவிட்டது.

ஏழாம் மாதம் நோர்ஸ் யாப்புக்குப் போயிற்று. எத்தாப் பாடலின் ஓர் அடி இரண்டு பாதிகளாகப் பிரியும். பாதிக்கு இரண்டு அழுத்தங்கள். மூன்றாம் அழுத்தம், முதல் இரண்டில் ஒன்றோடோ இரண்டோடுமோ மோனை கொள்ள வேண்டும். நான்காம் அழுத்தம் கொள்ளவே கூடாது. முதல் சீருக்கும் மூன்றாம் சீருக்கும் மோனை வந்தால் நாம் பொழிப்பு மோனை என்கிறோம். என் ஐந்து தேமா வரிகளும் தற்செயலாக அந்த இடத்தில்தான் மோனை கொண்டிருந்தன. ஆனால் உயிரெழுத்துகளில் அவர்கள் நம்மைவிடத் தாராளம். நமக்கு ‘அ’வோடு ‘ஆ’, ‘ஐ’, ‘ஔ’ மட்டும் சேரும். அவர்களுக்கு எந்த உயிரும் எந்த உயிரோடும் சேரும்.

உலகத் தோற்றத்தைச் சொல்லும் பாடலில் இதற்கு அருமையான சான்று இருக்கிறது. ‘ஈமிர் வாழ்ந்த பழங்காலம்’ என்று சுவடி சொல்கிறது. ஈமிர் ஆதி அரக்கன். அதே அடியை ஐஸ்லாந்து எழுத்தாளர் ஸ்னோரி ஸ்துர்லுசன் தம் உரைநடை நூலில் மேற்கோள் காட்டும்போது, அந்த இடத்தில் ‘எதுவுமே இல்லாத பழங்காலம்’ என்று இருக்கிறது. ‘ஈமிர்’ உயிரில் தொடங்குகிறது. இல்லை என்பதற்கான ‘எக்கி’ என்ற சொல்லும் உயிரில் தொடங்குகிறது. மோனை இரண்டுக்கும் பொருந்துகிறது! தொடக்கத்தில் ஓர் அரக்கன் இருந்தானா, ஒன்றுமே இல்லையா என்ற அத்தனை பெரிய வேறுபாட்டை யாப்பு இருகை நீட்டி ஏற்றுக்கொள்கிறது. அடுத்து வரும் அடிகளில் மணல் இல்லை, கடல் இல்லை, குளிர்ந்த அலை இல்லை, மேலே வானம் இல்லை என்று அடுக்கிவிட்டு, கடைசியாக, எங்கும் புல் இல்லை என்று முடிக்கிறது. ஆடு மேய்த்து வாழ்ந்த ஐஸ்லாந்துக்காரர் கேட்டால், மற்ற எதையும்விட அந்தப் புல் இல்லாததுதான் நெஞ்சை அடைத்திருக்கும்.

எட்டாம், ஒன்பதாம் மாதங்களில் எழுதி வைத்தவை குறைவு. கலேவலாவின் இன்னொரு நாயகனான லெம்மின்கைனனின் தாய் இல்மரினனிடம் இரும்பு வாருகோல் ஒன்று செய்து வாங்கி, மரண ஆற்றிலிருந்து மகனின் உடலைத் துண்டு துண்டாக வாரி எடுக்கும் பகுதியைப் படித்த பிறகு சில நாட்கள் நோட்டைத் தொடவில்லை. கலேவலாவில் மகன் உயிர் பெறுகிறான். நாட்டார் பாடிய வடிவங்களோ 33 தொகுதிகளாக அச்சாகி, இப்போது இணையத்திலும் இருக்கின்றன. அகராதியின் துணையோடு அங்கே தேடினேன். தாய் தோற்றுப்போகும் வடிவங்கள் அங்கே இருக்கின்றன. போனவன் போனவன்தான். நோர்ஸ் கதையில் இறந்துபோன பால்தர் என்ற தேவனும் திரும்புவதில்லை; எல்லாப் பொருளும் அவனுக்காக அழுதும், ஓர் அரக்கி மட்டும் அழ மறுக்கிறாள். லொன்ரோத் ஏன் உயிர்ப்பிக்கும் வடிவத்தைத் தேர்ந்தார் என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். எழுதி முடித்த அந்த இரவில் வேறெதையும் தேர்ந்திருக்க எனக்கும் மனம் வந்திராது.

பத்தாம் மாதம் தம்பியோடு சேர்ந்து பாடிப் பார்த்தேன். முன்பாடகர் ஒரு வரியைப் பாட, துணைப்பாடகர் கடைசிச் சீரில் சேர்ந்துகொண்டு அதே வரியைத் திரும்பப் பாடுவது கரேலிய வழக்கம். 1834-இல் லொன்ரோத்துக்குப் பாடிய முதியவர் அர்ஹிப்பா பெர்த்துனென், சிறு வயதில் கண்டதைச் சொல்லியிருக்கிறார்: வலைவீசும் காலத்தில் ஏரிக்கரையில் தீ மூட்டி, அவருடைய தந்தையும் ஒரு துணைவரும் கைகோத்தபடி இரவு முழுவதும் பாடுவார்களாம், ஒரே பாட்டு இரண்டாம் முறை வராதாம்.

“நீ பாடியதையே நானும் பாடினால் கதை எப்போது நகரும் அக்கா?” என்று தம்பி கேட்டான்.

இருபது வரிகள் போனதும் இருவருக்கும் புரிந்தது. அவன் திரும்பப் பாடும் அந்த நேரத்தில்தான் அடுத்த வரி என் நினைவுக்கு வருகிறது. துணைப்பாடகர் முன்பாடகருக்குக் கொடுப்பது மூச்சும் நினைவும்.

பன்னிரண்டாம் மாதம் குரோத்தி கிடைத்தது. இதை எழுதவே இந்தக் குறிப்பைத் தொடங்கினேன்.

குரோத்தி நோர்ஸ் கதையில் வரும் திருகை. அரைப்பவர் எதைக் கேட்டாலும் அரைத்துத் தரும். டென்மார்க் அரசன் ஃப்ரோதி, ஸ்வீடனில் விலைக்கு வாங்கிய ஃபென்யா, மென்யா என்ற இரண்டு அரக்கிப் பெண்களை அதில் பூட்டிப் பொன்னும் அமைதியும் அரைக்கச் சொல்கிறான். ஓய்வு? குயில் கூவாமல் இருக்கும் நேரம், அல்லது ஒரு பாட்டுப் பாடும் நேரம். அதற்கு மேல் இல்லை. பெண்கள் பாடுகிறார்கள். பாட்டாலேயே ஒரு படையை அரைத்து வரவழைக்கிறார்கள். கடைசியில் கல் இரண்டாகப் பிளக்கிறது. ஸ்னோரி சொல்லும் கதையில், ஃப்ரோதியைக் கொன்ற கடலரசன் மீசிங் அவர்களைக் கப்பலில் ஏற்றி உப்பு அரைக்கச் சொல்கிறான். நள்ளிரவில், உப்பு போதுமா என்று கேட்கிறார்கள். இன்னும் அரையுங்கள் என்கிறான். கப்பல் மூழ்குகிறது. கல்லின் கண் வழியே கடல் சுழன்று விழுகிறது. கடல் உப்பானது அதனால்தான்.

மாவும் உப்பும் காசும் அரைக்கும் சம்போ. பொன்னும் உப்பும் அரைக்கும் குரோத்தி. இரண்டும் கடலில் மூழ்குகின்றன. அறிஞர்கள் இவற்றை நெடுநாளாக ஒப்பிட்டு வந்திருக்கிறார்கள். எனக்கோ அதைக் கையால் உணர வேண்டும் என்று இருந்தது. பெரியம்மா வீட்டுப் பரணில் திருகை கிடந்தது. இறக்கிக் கழுவிக் காயவைத்தோம்.

“ஒற்றை ஆளாகச் சுற்றாதே. எதிரே உட்கார். ஒரே பிடியை இரண்டு பேரும் பிடிக்க வேண்டும்” என்றார் பெரியம்மா.

உளுந்தைக் குழியில் போட்டுச் சுற்றினோம். ஒரு சுற்றுக்கு இரண்டு சீர் வந்தது. இரண்டு சுற்றுக்கு ஒரு வரி. தேமாவாக எழுதிய ஐந்து வரிகளும் கல்லோடு அப்படியே பொருந்தின. மேற்கல்லின் குழியில் பருப்பு சுழன்று இறங்குவதைப் பார்த்தபோது, கல்லின் கண் வழியே கடல் விழுவது என்றால் என்னவென்று தெரிந்தது. கால்மணி நேரத்தில் என் தோள் விட்டுப்போயிற்று. பெரியம்மா நிறுத்தவில்லை.

“சின்ன வயதில் விடியுமுன் இரண்டு படி உடைப்போம். பாட்டை நிறுத்தினால்தான் கை வலிப்பது தெரியும்” என்றார்.

நான் பிடியை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டு நேரத்துக்கு மேல் ஓய்வில்லை என்று சொன்ன அரசனுக்கு, அந்தப் பெண்களின் வலியைத் தாங்கி நின்றதே பாட்டுதான் என்பது எப்படித் தெரிந்திருக்கும்?

அன்றிரவு முதல் பக்கத்துக் கேள்வியின் கீழே இன்னொன்றை எழுதினேன்: சுற்றுவது யார்? சம்போவைச் சுற்ற ஆள் இல்லை. அது தானாகவே அரைக்கிறது. விதைக்கிறவனின் கனவு அது: வேர்விட்டு நின்று, யார் தோளையும் கேட்காமல் விளைந்து தரும் ஒன்று. குரோத்திக்குச் சுற்ற இரண்டு பெண்கள் வேண்டும், அவர்களுக்குப் பெயர் இருக்கிறது, பாட்டும் அவர்களுடையது. சம்போவின் வேரைப் பற்றிய என் பழைய சந்தேகமும் இப்போது அவ்வளவு உறுத்தவில்லை.

இப்போது குரோத்திப் பாட்டின் 24 செய்யுள்களையும் அதே எட்டசை வரியில் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். குயிலின் பேச்சு வரும் ஏழாம் செய்யுளில் மூன்று வாரங்களாக நிற்கிறேன். ‘குயில்’ நிரையசை, தேமாவுக்குள் வராது. ‘கோகிலம்’ வாயில் ஒட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை திருகையின் முன் உட்கார்ந்து சொல்லிப் பார்க்கப் போகிறேன். பெரியம்மா ஒரு படி உளுந்து எடுத்து வைத்திருக்கிறார்.