வேறு குரலில் பழைய பாட்டு: வியாசர்பாடி நாட்குறிப்பு

நவம்பர் 8

விடியற்காலையிலிருந்து மழை விடவில்லை. வெளியே போக வழியில்லாததால், ஜாஸ் பாடகி கசாண்ட்ரா வில்சனின் ‘புளூ லைட் டில் டான்’ இசைத்தொகுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். 1955இல் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் பிறந்தவர் அவர். 1993இல் வெளிவந்த இத்தொகுப்பில், தயாரிப்பாளர் கிரெய்க் ஸ்ட்ரீட்டுடன் சேர்ந்து, ஜாஸ் பாடகிகளுக்கு வழக்கமாகத் துணை நிற்கும் பியானோவுக்கு முதலிடம் தராமல், கிட்டாரையும் தாளத்தையும் முன்னால் வைத்தார். ஆன் பீபிள்ஸ் 1973இல் பாடிப் புகழ்பெற்ற ‘ஐ கான்ட் ஸ்டாண்ட் த ரெயின்’ இதில் இருக்கிறது. மூலப்பாட்டின் தொடக்கத்தில் மின்சாரத் தாளக்கருவி மழைத்துளியைப் போலவே சொட்டும். வில்சன் அந்தத் துளியை எடுத்துவிட்டு, கிறிஸ் விட்லியின் உலோக உடல் கிட்டாருக்கு எதிரே தம் தாழ்ந்த குரலை நிறுத்துகிறார். தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது எனக்கும் மழையை யாரும் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

நவம்பர் 11

இன்று ‘நியூ மூன் டாட்டர்’. 1995இல் வந்து, பின்னர் கிராமி விருது பெற்ற தொகுப்பு. ‘லாஸ்ட் டிரெய்ன் டு கிளார்க்ஸ்வில்’ பாட்டை 1966இல் மங்கீஸ் குழு பாடியபோது அது துள்ளலான வெற்றிப்பாட்டு. ஊரை விட்டுப் போகுமுன் காதலியைக் கடைசியாக ஒருமுறை பார்க்க விரும்புகிறவனின் அழைப்பு அது. வியட்நாம் போருக்குப் புறப்படும் இளைஞனை மனத்தில் வைத்தே எழுதியதாக, அதை எழுதிய இருவரில் ஒருவரான பாபி ஹார்ட் பின்னாளில் சொன்னார். மூலத்தின் வேகத்தில் அந்த அச்சம் காதில் விழுவதில்லை. வில்சன் வேகத்தைத் தணித்து, சொற்றொடர்களைத் தாளத்துக்குச் சற்றுப் பிந்தி விடுகிறார். அவன் திரும்ப மாட்டானோ என்ற ஐயம் அப்போதுதான் வெளியே வருகிறது.

மாலையில் எங்கள் தெருவின் கானா பாடகர் ஒருவருக்கு இதைப் போட்டுக் காட்டினேன். “இந்தம்மா அவசரமே படலையே தம்பி” என்றார். சினிமா மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு, சாவு வீட்டுக்கோ கல்யாணத்துக்கோ ஏற்பத் தன் சொற்களைப் போட்டுப் பாடுகிறவர் அவர். வில்சனோ சொற்களை விட்டுவிட்டு மெட்டின் நடையில் கைவைக்கிறார். இரண்டு வேலைகளில் எது கடினம் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே தேநீரைக் குடித்தார்.

நவம்பர் 12

அதே தொகுப்பில் யூ2 குழுவின் ‘லவ் இஸ் பிளைண்ட்னஸ்’. மூலமே மெதுவானது, இருண்டது. வில்சன் அழகாகத்தான் பாடுகிறார், ஆனால் களைவதற்கு அவருக்கு அதில் எதுவும் மிச்சமில்லை.

நவம்பர் 17

‘டைம் ஆஃப்டர் டைம்’ மூன்று கைகள் மாறிய பாட்டு. சிண்டி லாப்பரின் பாப் பாட்டை 1985இல் மைல்ஸ் டேவிஸ் சொல்லே இல்லாமல் எக்காளத்தில் வாசித்தார். அவருக்குக் காணிக்கையாக 1999இல் வில்சன் வெளியிட்ட ‘டிராவலிங் மைல்ஸ்’ தொகுப்பில், சொற்கள் திரும்பி வருகின்றன. ஆனால் லாப்பரின் பாட்டைவிட, டேவிஸ் விட்ட இடைவெளிகளையே அவர் பின்தொடர்வதாக எனக்குக் கேட்கிறது. மூன்றையும் வரிசையாகக் கானா அண்ணனுக்குப் போட்டுக் காட்ட வேண்டும்; டேவிஸின் எக்காளம் தொடங்கியதுமே அவர் தன் சொற்களை ஏற்றிப் பாட ஆரம்பித்துவிடுவார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.