ஏழு மணிக் கூட்டம்

செப்டம்பர் 18, 2024, புதன்

மருத்துவமனையிலிருந்து வந்து மூன்று நாள் ஆகிறது. கை நடுக்கம் அநேகமாக நின்றுவிட்டது. காபி டம்ளரை ஒரு கையாலேயே எடுக்கிறேன். உடம்பிலிருந்து சாராயத்தை இறக்குவது பத்து நாள் வேலை, அதற்குப் பிறகு அதைத் தொடாமல் இருப்பதுதான் ஆயுள் முழுவதற்குமான வேலை என்று சொன்ன மருத்துவர், மருந்துச் சீட்டின் பின்புறத்தில், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் நடக்கும் இடத்தை எழுதிக் கொடுத்தார். பாளையங்கோட்டையில் ஒரு தேவாலயப் பள்ளி. செவ்வாயும் ஞாயிறும் மாலை ஏழு மணி. முன்புறத்தில் எழுதியிருக்கும் தயமின் மாத்திரையை வேளை தவறாமல் போடுகிறேன். சீட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

கடை திறக்கும் பன்னிரண்டு மணியைக் கடிகாரம் பாராமலேயே உடம்பு அறிந்துகொள்கிறது.

செப்டம்பர் 22, ஞாயிறு

டவுனிலிருந்து பேருந்தில் போனேன். சுலோச்சன முதலியார் பாலத்தைக் கடக்கும்போது தாமிரபரணியைப் பார்த்துக்கொண்டு, என்ன கேட்பது என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். பள்ளி வாசலில் காவலாளி எழுந்து நின்று, "யாரைப் பாக்கணும் அண்ணாச்சி?" என்றார். இங்கே ஒரு கூட்டம் நடக்கிறதாமே என்றேன். எந்தக் கூட்டம் என்று கேட்டார். உள்ளே பாடகர் குழு பயிற்சி ஒரு பக்கம், பெற்றோர் கூட்டம் ஒரு பக்கம் நடந்துகொண்டிருந்தன. அந்த ஒரு சொல் வாயில் வரவில்லை. நாள் தவறி வந்துவிட்டேன் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். பதினெட்டு ஆண்டுகளாகக் கடை ஜன்னலில் கையை நீட்டி எனக்கு வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கியவனுக்கு, இதைக் கேட்க மட்டும் நா எழவில்லை. வீட்டில், கூட்டம் இன்று இல்லையாம் என்று பொய் சொன்னேன். குடிக்காமல் சொன்ன பொய் என்பதனால் அது கூடுதலாக வலிக்கிறது.

செப்டம்பர் 23, திங்கள்

இந்தக் கூட்டங்கள் எங்கே தொடங்கின என்று படித்தேன். 1935இல் அமெரிக்காவின் அக்ரான் நகரத்தில், பங்குச் சந்தையில் வேலை பார்த்த ஒருவரும் அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவரும் தங்கள் குடியைப் பற்றி ஒருவரோடொருவர் பேசத் தொடங்கியதிலிருந்து எல்லாம் வந்திருக்கிறது. அந்த மருத்துவர் கடைசியாகக் குடித்த ஜூன் 10ஆம் தேதியையே இயக்கம் பிறந்த நாளாக வைத்திருக்கிறார்கள். அன்று அவர் ஓர் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்ததாம். கை நடுங்கக் கூடாது என்று நண்பரே ஒரு பீரைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அந்தக் கையை எனக்குத் தெரியும். வார்டில் மூன்றாம் நாள் இரவு சுவரெங்கும் பூச்சி ஊர்வதாகக் கண்டு அலறியபோது, என் கைகளும் அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தன.

நான் கடைசியாகக் குடித்தது செப்டம்பர் 5.

செப்டம்பர் 24, செவ்வாய்

போகவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

நான் வாயைத் திறப்பதற்கு முன்பே காவலாளி, "குடிய விடுறவங்க கூட்டத்துக்கா அண்ணாச்சி? நேரே போயி வலது பக்கம், அஞ்சாம் வகுப்பு" என்றார். ஒரு வாரம் நான் சுமந்த சொல்லை அவர் வழி சொல்வதுபோல் சொல்லிவிட்டார்.

பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெயரைப் பதியச் சொல்லவில்லை, கட்டணம் கேட்கவில்லை, குடியை விட வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் போதும் என்றார்கள். ஒவ்வொருவராகத் தம் பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று தொடங்கிப் பேசினார்கள். இடையில் ஒருவரும் குறுக்கிடவில்லை, அறிவுரை சொல்லவில்லை. என் முறை வந்தபோது பெயரை மட்டும் சொன்னேன். அதுவே ஏற்றுக்கொள்ளப்பட்டது.

தேநீர் ஊற்றிய பெரியவர் எல்லோருக்கும் டம்ளரை நிறைத்தார். எனக்கு மட்டும் பாதி ஊற்றினார். வீடு வந்து சேரும் வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நடுங்கும் கைக்கு எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அக்டோபர் 1, செவ்வாய்

நாளை காந்தி ஜெயந்தி, கடை கிடையாது. ஆண்டுதோறும் இந்த நாளில் இரண்டு குவார்ட்டர் வாங்கி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைப்பேன். இன்றும் வண்ணார்பேட்டையில் பேருந்து நின்றபோது கடை வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தேன். அவர்களில் பாதிப் பேரை எனக்கு முகம் தெரியும். கூட்டத்தில் இதைச் சொன்னேன், முதல் முறையாக அந்தச் சொல்லோடு சேர்த்து. பெரியவர் தம் கைபேசி எண்ணை எழுதிக் கொடுத்து, "நாளைய நினைக்காதீங்க தம்பி, இன்னைக்கு ராத்திரி பத்து மணியத் தாண்டுங்க" என்றார்.

ஒன்பது நாற்பதுக்கு அழைத்தேன். அவர் தம் வயலையும் வரப்புத் தகராறையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். பிறகு, "மணி பத்து. கடையச் சாத்திட்டான். தூங்குங்க" என்றார்.

அக்டோபர் 2, புதன்

தூங்கினேன்.

அக்டோபர் 4, வெள்ளி

என் மனைவி அரிசி டிரம்மை நகர்த்திப் பின்புறம் கையை விட்டுத் துழாவுவதைக் கதவோரம் நின்று பார்த்தேன். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் இன்னொரு முறை துழாவினாள். எனக்குக் கோபம் வரவில்லை. அவள் எத்தனை முறை அங்கே கையை விட்டிருப்பாள், எத்தனை முறை கையில் தட்டுப்பட்டிருக்கும் என்று கணக்குப் பார்க்க முயன்று, முடியாமல் திண்ணைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

பெரியவர் வரவில்லை. ஊருக்குப் போயிருப்பார் என்றார்கள். கைபேசி அணைந்திருக்கிறது. தேநீரை இன்று வேறொருவர் ஊற்றினார். என் டம்ளர் நிறைந்திருந்தது.

அக்டோபர் 7, திங்கள்

காலை ஆறு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் அழைத்தேன். அணைந்தே இருக்கிறது. அவர் ஊர்ப் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. நாளை செவ்வாய்.