பற்றரி பாவம், அது என்ன செய்யும்

அப்பா 2003 ல எடுத்த ஹீரோ ஹொண்டா ஸ்பிளெண்டர்லதான் இப்பயும் ஓடித்திரியிறன். மட்டக்களப்புக் கல்லடியில இருந்து வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுக்கு வேலைக்குப் போறது, பின்னேரம் திரும்பி வரக்க ரோட்டு நடுவில மாடு படுத்துக் கிடக்கும், ஹோன் அடிச்சா தொண்டை கட்டின ஆள் மாதிரி ஒரு சத்தம், மாடு தலையைக்கூடத் தூக்காது.

போன மாரியில புதுப் பற்றரி போட்டன். மூணு மாசத்தில அதுவும் இறங்கிட்டு. கராச்சில காட்டினா பாஸ் சைட் கவரைக்கூடக் கழட்டல்ல, "கொயில் போயிரிக்கும் தம்பி, மெக்னற் கழட்டோணும்" எண்டுட்டார். (எஞ்சின் சுத்தக்க கரண்ட் உண்டாக்குற சாமான்தான் கொயில், அது மெக்னற்றுக்குள்ள இரிக்கு.) சரி நாமளே பாப்பம் எண்டு கோட்டமுனையில ஒரு மல்டிமீற்றர் வாங்கினன்.

என்னை இவ்வளவு நாளும் ஏமாத்தினது ஹெட்லைட்தான். அது நல்லா எரியிது, அப்ப சார்ஜும் ஆகுது எண்டு நினைச்சிட்டன். இந்தப் பைக்கில ஹெட்லைட் பற்றரியில எரியிறதில்ல, கொயில்ல இருந்து மஞ்சள் வயரில வாற ஏசி கரண்டில எரியிது, பற்றரிக்கு வெள்ளை வயர். கிக் அடிச்சு ஸ்டார்ட் பண்ணவும் பற்றரி தேவையில்ல. அதால பற்றரி செத்தாலும் பைக் ஓடும், ஹோனும் சிக்னலும்தான் காட்டிக் குடுக்கும்.

முதல்ல பற்றரியை வெளியில சார்ஜ் போட்டு ஒரு ராவு விட்டுப் பாத்தன், 12.7 வோல்ட். இறங்கின பற்றரியை வெச்சுக்கொண்டு சார்ஜிங் செக் பண்ணினா வாற நம்பர் ஒண்டையும் நம்பேலாது. மறுகா ஸ்டார்ட் பண்ணி நல்லா ரேஸ் குடுத்தன், 14 தாண்டோணும், ஆனா 12.9 க்கு மேல ஏறல்ல. (15 தாண்டினா வேற வருத்தம், கொயில் கரண்டை அளவாக்கிப் பற்றரிக்கு அனுப்புற றெகுலேற்றர் போயிட்டு, பற்றரித் தண்ணி வத்தும், பல்ப் அடிக்கடி போகும்.)

அப்ப கொயில்தானோ? றெகுலேற்றர்ட சொக்கற்றைக் கழட்டி வெள்ளை வயருக்கும் எர்த்துக்கும் எத்தினை ஓம் தடை எண்டு பாத்தன். மீற்றர் நுனி ரெண்டையும் முதல் ஒண்டோட ஒண்டு தொட்டுப் பாருங்க, அந்த வயரே 0.3 காட்டும், அதைக் கழிச்சா ஒரு ஓமுக்குக் கிட்ட வந்துது. ஐயோ எர்த் அடிக்கிது எண்டு பயப்பிடாதீங்க, அந்தக் கொயில்ட ஒரு நுனி எர்த்தில தான் இரிக்கு. எஞ்சினை ஓடவிட்டு மீற்றரை ஏசி வோல்ட்டில வெச்சுப் பாத்தா ரேஸ் குடுக்கக் குடுக்க வோல்ட் ஏறுது. கொயில் நல்ல சுகம். பாஸுக்கு மெக்னற் கழட்டுற வேலை மிச்சம்.

சொக்கற்றைத் திரும்பப் போட்டு, றெகுலேற்றர்ல இருந்து வெளிக்கிடுற சிவப்பு வயர்ல மீற்றரை வெச்சன். 14.4! பற்றரியில 12.9, இங்க 14.4, நடுவில ஒண்டரை வோல்ட் எங்க போச்சு? அந்த வயரையே பிடிச்சுக்கொண்டு வந்தா பற்றரிக்குப் பக்கத்தில பியூஸ். பியூஸுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நுனியை வெச்சா 1.4. பியூஸ் போகல்ல, அது இரிக்கிற வீடுதான் பாசி பிடிச்ச மாதிரிப் பச்சையாக் கிடக்கு. கடலுக்குப் பக்கத்தில பைக்கை விட்டா உப்புக்காத்து செப்பையும் தின்னும்தானே. சாண்ட் பேப்பர் போட்டுப் பாத்தன், தகடு உடைஞ்சு கையோட வந்திட்டு, புது ஹோல்டர் போட்டன், 14.2.

இதில பாவம் பற்றரிதான். ரெண்டரை அம்பியர்-அவர் சின்னச் சாமான், அரை வயித்தோட மாசக்கணக்கில விட்டா தகட்டில சல்பேட் படிஞ்சு மறுகா எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது. முதல் பற்றரியை நான்தான் பட்டினி போட்டுக் கொண்டிரிக்கன், அது தெரியாம பற்றரிக் கடைக்காரரோட சண்டைக்கும் போயிட்டு வந்தன், இப்ப அந்தப் பக்கம் போகவே வெக்கம்.

அண்டைக்குப் பின்னேரம் வவுணதீவு ரோட்டில அதே மாடு. ஹோன் அடிச்சன். தலையைத் தூக்கி ஒருக்காப் பாத்துது, எழும்பல்ல.